சிவப்பு நட்டு

என் மகன் மரிய ஜோசப்பைப் பற்றிக் கடலூர் முதுநகரில் யாரைக் கேட்டாலும், "பட்டாளத்து லாரி வெச்சிருந்தாரே, அவரா?" என்பார்கள். கொஞ்சம் அதிகம் தெரிந்தவர்கள், "சிதம்பரத்துல ஒரு பஞ்சர் கடைக்காரருக்குக் கை போனதே, அதுக்குக் காரணம் அவருதானே?" என்பார்கள். முதல் பேச்சு உண்மை. இரண்டாவது பொய். அந்தப் பொய்யை ஊருக்குச் சொன்னவன் அவனேதான். அதுதான் என் வயிற்றெரிச்சல். பெற்றவள் நான் உயிரோடு இருக்கும்போதே அது நிலைத்துவிடக் கூடாது என்று இதைச் சொல்கிறேன். "வேணாம்மா, விட்டுடு" என்றான் அவன். விட மாட்டேன்.

அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஜோசப்புக்குப் பள்ளிக்கூடம் முடிந்ததும் பட்டாளத்தில் சேர வேண்டும் என்ற ஒரே எண்ணம். விடியும் முன்பே எழுந்து கடற்கரை மணலில் ஓடுவான். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு தரம் போனான். ஓடச் சொன்னார்கள், ஓடினான். தாண்டச் சொன்னார்கள், தாண்டினான். மூச்சை இழுத்து மார்பை விரிக்கச் சொன்ன இடத்தில் அது அவர்கள் கேட்ட அளவுக்கு விரியவில்லை. இரண்டாம் தரம் திரும்பி வந்தவன் குளித்துவிட்டு, தட்டில் போட்டதைச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்கு வேலை கேட்கப் போய்விட்டான். நான்தான் அழுதேன்.

ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிற வேலை. படகுகளுக்குப் போகிற ஐஸ். மெஷின் ஓடும்போது பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். வாயு கசிந்தால் தெருவே மூச்சு முட்டும். அதனால் அவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த மெஷினாக இருந்தாலும் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பான். எங்கள் கோயில் தெருவிலேயே பெண் பார்த்தோம். மருமகள் ஜெயராணி நல்லவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். ஒரே பெண் பிறந்தது, ஜெனிட்டா. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பட்டாளத்தில் ஓடிக் களைத்த வண்டிகளை ஏலம் விடுவார்களாம். அதை மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எவனோ செல்போனில் படம் அனுப்ப, இவன் பாண்டிச்சேரிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. அடுத்த வாரம் ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கதவு இல்லை. மேலே துணி போடுகிற இரும்பு வளைவு மட்டும் விலா எலும்பு மாதிரி நின்றது. தெருவே கூடிவிட்டது.

ஜெயராணி வாசலில் நின்று கேட்டாள். "இதுக்கும் நாந்தான் சோறு போடணுமா?"

"பெட்ரோல் போட்டா போதும்."

"அதத்தான் சோறுன்னேன்."

அதை ஓட வைக்க ஒரு வருசத்துக்கு மேல் ஆனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவான். நாங்கள் கடலுக்குப் பக்கம். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். இன்றைக்குத் தேய்த்து வைத்த இடம் அடுத்த ஞாயிறு சிவந்து நிற்கும். திரும்பத் தேய்ப்பான். ஒரு சின்ன வாஷருக்காகத் திருச்சி வரை போய் வந்திருக்கிறான். இல்லாத சாமானை ஐஸ் கம்பெனி கடைசல்காரரிடம் சொல்லிக் கடைந்து வாங்குவான். அது முதல் தரம் உறுமிக் கிளம்பிய அன்றைக்கு ஜெனிட்டாவைத் தூக்கி முன்னால் உட்கார வைத்து, துறைமுகம் வரை போய்த் திரும்பினான். இறங்கினவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. பேர் மாற்றிப் பதிவு செய்யப் போன இடத்தில், "இந்தப் பச்சை இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். பட்டாளத்துப் பச்சை பட்டாளத்துக்கு மட்டும்தானாம். வெளியாள் வண்டிக்கு அதை அடிப்பது சட்டப்படி தப்பாம். எந்தப் பச்சைக்காக அந்த வண்டியை வாங்கினானோ, அதைத் தன் கையாலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தான். செம்மண் நிறத்தில் வேறு பெயிண்ட் அடித்தான். மாமியார் வீட்டுக்கு வந்த புதுப்பெண் மாதிரி வண்டி யாருடையதோ போல நின்றது. "அங்கியும் சேத்துக்கல, இங்கியும் விடல" என்று ஜெயராணி முணுமுணுத்தாள். அவன் காதில் விழாதபடிதான்.

ஒரு இடத்தில் மட்டும் பழைய நிறத்தை விட்டுவைத்தான். சக்கரத்தில் இருந்த சிவப்பு நட்டுகள். அதைப் பற்றி எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. நம் ஊர் லாரியின் ரிம் மாதிரி இல்லை அந்த வண்டியின் ரிம். அது இரண்டு பாதி. இரண்டு பாதியையும் சேர்த்து நட்டுப் போட்டு முடுக்கி, நடுவில் டயரை இறுக்கி வைத்திருப்பார்கள். சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றுவதற்கு ஒரு வரிசை நட்டு. ரிம்மின் இரண்டு பாதியைப் பிடித்திருப்பது இன்னொரு வரிசை. இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கும். டயரில் காற்று இருக்கும்போது இந்த இரண்டாவது வரிசையைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பறக்கும். எதிரே ஆள் இருந்தால் ஆள் இல்லை. அதனால் பட்டாளத்தில் அந்த வரிசைக்கு மட்டும் சிவப்பு அடித்து வைப்பார்களாம், யாரும் தொடக் கூடாது என்று. ஜோசப் வருசா வருசம் ஒரு சின்னத் தூரிகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அந்தச் சிவப்பைப் புதுப்பிப்பான்.

கடலூரில் எந்தப் பஞ்சர் கடைக்காரரும் அந்தச் சக்கரத்தைத் தொடவில்லை. "வேணாம் சார், பழக்கமில்ல" என்றார்கள். சிதம்பரத்து எல்லையில் கடை வைத்திருந்த காத்தவராயன்தான் ஒத்துக்கொண்டார். நாற்பது வயசு இருக்கும். கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி பொன்னி. ஜோசப் தரையில் உட்கார்ந்து எல்லாம் விளக்க, காத்தவராயன் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "அண்ணே, ஒரே பேச்சு. செவப்பு அடிச்சிருந்தா அது உங்க நட்டு. உங்கள கேக்காம தொட மாட்டேன். செவப்பு இல்லன்னா அது என் நட்டு."

ஜோசப்புக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் வந்து நாலு தரம் சொல்லிச் சிரித்தான். டயரில் ஒன்றும் கோளாறு இல்லாத போதுகூடச் சிதம்பரம் போக ஆரம்பித்தான். இன்னொரு லாரி வாங்கியபோது காத்தவராயன்தான் கூடப் போய்ப் பார்த்துச் சொன்னார். அது ஓடாத லாரி. முதல் வண்டிக்குச் சாமான் எடுப்பதற்காக வாங்கியது.

"ஒண்ணு ஓடுதுன்னு இன்னொண்ணா மாமா?" என்று ராபர்ட் சிரித்தான். ராபர்ட் ஜெயராணியின் தம்பி.

"அது இதுக்குக் கூடப்பொறந்தது மச்சான். இதுக்கு ஒண்ணு கொறைஞ்சா அது குடுக்கும்."

"நீங்க எனக்குக் குடுக்குற மாதிரியா?" என்றான் ராபர்ட். வாய் சாமர்த்தியம் அவனுக்கு நிறைய. டிவி விற்கிற கடையில் வேலை. விற்காத டிவியையும் விற்றுவிடுவான்.

திருவிழாவுக்குக் காத்தவராயனும் பொன்னியும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒரு தரம் காத்தவராயன் காபி குடித்த டம்ளரை ராபர்ட் எடுத்துக் கொல்லைப்பக்கம் தனியாக வைத்தான். நான் பார்த்தேன். எடுத்து வந்து கழுவி, எல்லா டம்ளருக்கும் நடுவில் கவிழ்த்தேன். "மாதா கோயில் கமிட்டில இருக்கறவன் செய்யுற வேலையாடா இது?" என்று கேட்டேன். "சும்மா வெச்சேன் அத்த, நீங்க ஒண்ணு" என்றான். காத்தவராயன் அதைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா, எனக்குத் தெரியாது. பார்த்திருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

எங்கள் கோயிலில் முன்பெல்லாம் மாதாவின் சப்பரத்தை வாடகை டிராக்டரில்தான் வைத்து இழுப்பார்கள். ஜோசப்பின் லாரி ஓட ஆரம்பித்ததிலிருந்து அதில்தான் பவனி. வாடகை கிடையாது. அவனே ஓட்டுவான், நடந்து போகிற வேகத்தில். பட்டாளத்தில் அணிவகுத்துப் போகிறவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் அவன் வருசம் முழுக்க அந்த வண்டிக்கு அடியில் கிடந்தான் என்று நினைக்கிறேன்.

போன திருவிழாவுக்கு ராபர்ட் கமிட்டித் தலைவன். எல்லாம் பெரிதாகச் செய்ய வேண்டும் என்றான். மேலே பறந்து படம் எடுக்கிற கேமராவுக்கெல்லாம் ஏற்பாடு. ஜோசப்புக்கு ஐஸ் கம்பெனியில் விட முடியாத வேலை. மீன் வரத்து ஜாஸ்தி. வண்டியை முன்கூட்டியே கோயிலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ராபர்ட்டிடம் என் எதிரிலேயே சொன்னான்.

"கழுவு, பூ கட்டு, லைட்டு போடு. சக்கரத்துல மட்டும் கை வெக்காத மச்சான்."

"மாமா, எனக்குத் தெரியாதா? நீங்க போங்க."

சப்பரத்துக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்கள். மீதி இருந்தது. மேலேயிருந்து படம் எடுத்தால் சக்கரமும் மின்ன வேண்டும் என்று ராபர்ட் தன் கையாலேயே சக்கரம் முழுக்க, நட்டு முழுக்க, வெள்ளி அடித்துவிட்டான். அதில் இன்னொரு கூத்து பாருங்கள். பெண்கள் சங்கத்தார் வந்து, மாதாவுக்கு நீலம்தான் அழகு என்று, வண்டியைச் சுற்றித் தரை வரைக்கும் நீலத் துணி கட்டிவிட்டார்கள். சக்கரம் யார் கண்ணுக்கும் தெரியவே இல்லை. கேமராவுக்கும் தெரியவில்லை. வேலை முடிந்து நேராக ஓடிவந்து வண்டியில் ஏறிய ஜோசப்புக்கும் தெரியவில்லை. பவனி முடிந்ததும் வண்டியைக் கோயிலிலேயே விட்டு, சாவியை ஜெயராணியிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப ஐஸ் கம்பெனிக்குப் போய்விட்டான்.

மறுநாள் ராபர்ட் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, லாரி சாவி குடு. திருவிழாவுக்கு எடுத்த வாடகை ஜெனரேட்டர சிதம்பரத்துல குடுத்துட்டு வந்துடறேன்."

"மாமாகிட்ட கேட்டியா?"

"கேட்டுட்டேன், கேட்டுட்டேன்."

கேட்கவில்லை. ஜெயராணி சாவியைக் கொடுத்தாள். தம்பி கேட்டால் எந்த அக்காதான் கொடுக்க மாட்டாள்?

சிதம்பரத்தில் ஜெனரேட்டரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது முன் டயரில் பெரிய ஆணி ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறான். காற்று இன்னும் இறங்கவில்லை. காத்தவராயன் கடை வழிதான். நிறுத்தினான். நீலத் துணியெல்லாம் கோயிலிலேயே அவிழ்த்தாகிவிட்டது. சக்கரம் பளபளவென்று நின்றது. காத்தவராயன் ஜாக்கி வைத்துவிட்டு, நட்டுக் கழற்றுகிற வீல் பானாவைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்திருக்கிறார். சிவப்பைத் தேடியிருக்கிறார். இல்லை.

"அண்ணன் ரிம்ம மாத்திட்டாரா?"

ராபர்ட்டுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கு அவன் வாய் பழகவில்லை. "ஆமா, எல்லாம் புதுசு. சீக்கிரம் பாருங்க" என்று சொல்லிவிட்டு, செல்போனில் திருவிழாப் படம் பார்க்கத் தள்ளிப் போய் நின்றுகொண்டான். சாதாரண ரிம் என்றால் இருக்கிற நட்டெல்லாம் சக்கரத்தைப் பிடித்திருக்கிற நட்டுதானே என்று காத்தவராயன் வரிசையாகக் கழற்ற ஆரம்பித்தார். ஜோசப் சொல்லிக்கொடுத்ததை அவர் மறக்கவில்லை. சிவப்பில்லாவிட்டால் என் நட்டு என்று அன்றைக்குப் பேசினபடிதான் செய்தார்.

சத்தம் பேருந்து நிலையம் வரை கேட்டதாம். தலை தப்பியது, கர்த்தர் புண்ணியம். வலது கை முழங்கைக்குக் கீழே சிதைந்துபோனது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

ராபர்ட் ராத்திரி வீட்டுக்கு வந்தான். சட்டையில் ரத்தம். அக்கா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதான். பெயிண்ட் அடித்தது, சாவி வாங்கியது, "எல்லாம் புதுசு" என்று சொன்னது, எதையும் மறைக்கவில்லை. ஜோசப் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ராபர்ட்டை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

காலையில் தெரிந்தது, காத்தவராயனின் சொந்தக்காரர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள், போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்று. ராபர்ட்டுக்குத் துபாயில் வேலை முடிவாகி, விசா வருகிற நேரம். வழக்கில் பேர் விழுந்தால் போக முடியாது. ஜெயராணி புருசன் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க வண்டிதானே. நாந்தான் பெயிண்ட் அடிச்சேன்னு நீங்க சொன்னா, தெரியாம நடந்துச்சுன்னு விட்டுடுவாங்க. காத்தவராயன் உங்க மேல கேஸ் குடுக்க மாட்டாரு. இல்லன்னா என் தம்பிக்கு வாழ்க்கையே போயிடும்."

"காத்தவராயனுக்குப் போனது வாழ்க்கை இல்லியா?" என்று நான் கேட்டேன்.

"அத்த, நீங்க சும்மா இருங்க. போன கை இனிமே வருமா?"

"உண்மைய சொல்றதுக்குக் கை வரணுமா? டேய் ஜோசப்பு, நீ நேரா போயி அந்த மனுசன்கிட்ட நடந்தத சொல்லு. இவனையும் இழுத்துட்டுப் போ. அவுரு காலுல விழச் சொல்லு."

ராபர்ட் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். ஜோசப் எழுந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் போனான். அவனுக்கு அந்தச் சமயம் வேண்டியிருந்தது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். தன் சிவப்பைத் தானே அழிக்கவில்லை என்பதைக் காத்தவராயன் நம்ப வேண்டும். ஊர் எப்படிப் பேசினாலும் அவனுக்குக் கவலையில்லை, அந்த ஒருத்தர் நம்பினால் போதும். அதைத்தான் சொல்லப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னாடா சொன்ன?"

"நாந்தான் வெள்ளி அடிச்சேன்னு சொன்னேன். ராபர்ட்டுக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் நின்றிருக்கிறார். காத்தவராயன் ஜோசப்பை ஒரு நிமிசம் பார்த்திருக்கிறார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அதன்பிறகு ஜோசப் எத்தனை தரம் போனாலும் முகம் கொடுக்கவில்லை. கொண்டுபோன பழத்தைப் பொன்னி வாசலிலேயே திருப்பிக் கொடுத்தாள். "கை போன கோவம்மா. இருக்கத்தானே செய்யும்" என்று ஜோசப் என்னிடம் சொன்னான். வழக்கில் அவன் பேர்தான் ஏறியது. ஐஸ் கம்பெனி வேலைக்கு நடுவில் கோர்ட்டுக்கு நடந்தான். தெருவில், "ஆசைக்கு லாரி வெச்சவரு அடுத்தவன் கைய வாங்கிட்டாரு" என்று பேசினார்கள். கோயில் கமிட்டி அவனை நடத்திய விதத்தைச் சொன்னால் வாய் நாறும். மாதா சப்பரத்துக்கு இனிமேல் அந்த வண்டி வேண்டாம் என்று முடிவு எடுத்தார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை ராபர்ட். முடிவைச் சொல்லிவிட்டு அடுத்த மாசம் துபாய் போய்விட்டான்.

இப்போதும் வெள்ளிக்கிழமையானால் ஜெயராணியின் செல்போனில் முகம் காட்டுவான். "அத்தைய கூப்புடு, பாக்கணும்" என்பான். நான் போய்ப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன். வெயில் காலத்தில்கூட.

ராபர்ட் போனபிறகு, இனி யாருக்கும் பயமில்லை என்று நான் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸின் பெயர்ப் பலகை எனக்குப் படிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு ஏறினேன். கடை திறந்திருந்தது. பொன்னி ஒரு சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்தவராயன் ஸ்டூலில் உட்கார்ந்து, டியூபின் இன்னொரு முனையை இடது கையால் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதையே எனக்கு அழுகையைக் கொண்டுவந்துவிட்டது.

"ஒக்காருங்க ஆயா. பொன்னி, தண்ணி குடு."

உட்கார்ந்தேன். "தம்பி, எம்புள்ள அந்தச் செவப்ப அழிக்கல. ராபர்ட்தான் அடிச்சான். எம்புள்ளைக்குத் தெரியவே தெரியாது. மச்சான் பொழப்பு கெட்டுடுமேன்னு அவன் தன் மேல போட்டுக்கிட்டான். நீ நம்பணும்" என்றேன்.

காத்தவராயன் பொன்னியைப் பார்த்தார். பொன்னி டியூபைக் கீழே வைத்தாள்.

"எங்களுக்குத் தெரியும் ஆயா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

காத்தவராயன்தான் சொன்னார். "ரிம்ம மாத்திட்டாரான்னு நான் அந்தத் தம்பிய கேட்டேன், ஆமான்னாரு. இவளும் கேட்டுக்கினுதான் நின்னா. வண்டியில ஏறுற படி ஓரமா வெள்ளிப் பெயிண்ட் சிந்தியிருந்துச்சு. அண்ணன் பெயிண்ட் அடிச்சா ஒரு சொட்டு சிந்துமா? அன்னிக்கு ஆஸ்பத்திரியில நெனப்பு வந்த ஒடனே இவகிட்ட சொன்னேன், இது அண்ணன் செஞ்சதில்லன்னு."

"அப்புறம் ஏன் தம்பி மொகம் குடுக்கல?"

"அவரு வருவாரு, நடந்தத சொல்லுவாருன்னு காத்துக்கினு இருந்தேன் ஆயா. எங்க ஆளுங்க கேஸ் குடுக்கணும்னு நிக்கிறாங்க. அண்ணன் வரட்டும், வந்து ஒரு வார்த்த சொல்லட்டும், நானே வேணாம்னு சொல்லிடறேன்னு இருந்தேன். அந்தத் தம்பி பேரக்கூட எழுத வேணாம்னு சொல்லியிருப்பேன். வந்தாரு. போலீஸ் முன்னாடி, என் மொகத்த பாத்து, நாந்தான் அடிச்சேன்னாரு. என் காதால நான் கேட்டத இல்லன்னாரு."

பொன்னி இடையில் புகுந்தாள். "தான் சொன்னா இவரு நம்பிடுவாருன்னு அவரு நெனச்சாரு பாருங்க, அதான் ஆயா."

"அஞ்சு வருசம் தரையில ஒக்காந்து ஒண்ணா வேல செஞ்சோம். தனியா ஒரு வார்த்த, காத்தவராயா, எனக்கு வேற வழியில்ல, நான் பொய் சொல்லப் போறேன்னு காதுல சொல்லியிருந்தாகூட, நானும் சேந்து அந்தப் பொய்ய சொல்லியிருப்பேன். மச்சானுக்காக யோசிச்சாரு. சரி, சொந்தம். எனக்காக அரை நிமிசம் யோசிக்கலியே." காத்தவராயன் கீழே கிடந்த டியூபை இடது கையால் எடுத்தார். "என் டம்ளர தனியா எடுத்து வெச்சவருக்காக" என்றார் பிறகு.

"அவன வரச் சொல்றேன். நேருல வந்து சொல்லுவான்" என்றேன்.

"வேணாம் ஆயா. நீங்க எப்ப வேணா வாங்க. அந்த வண்டி மட்டும் இந்த ரோட்டுல வர வேணாம். அந்தச் சத்தத்த நான் கேக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து ஜோசப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை, மெதுவாகவும் சொல்லவில்லை. அவனுக்கு வலிக்க வேண்டும் என்றே சொன்னேன். ஜெயராணி அடுப்படியில் நின்று கேட்டாள். பாத்திரத்தை எடுத்துத் திரும்ப வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

"தெரிஞ்சே இருந்தாரா?" என்று கேட்டான் ஜோசப்.

"தெரிஞ்சே இருந்தாரு."

"நான் சொல்லும்போதே தெரிஞ்சிருந்துச்சா?"

"ஆமாண்டா."

அவன் எழுந்து வண்டி நிற்கிற இடத்துக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஓடாத லாரியிலிருந்து எடுத்துப் போட்ட சக்கரம் அது. மற்ற மூன்றிலும் ராபர்ட் அடித்த வெள்ளி அப்படியே இருந்தது. வழக்குக்கு வேண்டும் என்று போலீஸ் தொட வேண்டாம் என்றிருந்தார்கள். ஜோசப் விரல் நகத்தால் ஒரு நட்டைச் சுரண்டினான். வெள்ளிக்கு அடியிலிருந்து சிவப்பு வந்தது. அவ்வளவுதான், மேலே சுரண்டவில்லை.

"போயி பாருடா" என்றேன்.

"போயி இன்னாம்மா சொல்றது?"

"நான் பொய் சொன்னேன்னு சொல்லு."

"அது அவருக்குத் தெரியுமே."

"தெரிஞ்சாலும் நீ சொல்லணும்."

போகவில்லை. வழக்கு முடிந்தது. தண்டத்தைக் கட்டினான். பிறகு இரண்டு வண்டியையும் விற்கக் கிளம்பினான். ஓடாத லாரியை இரும்புக் கடைக்காரருக்குக் கொடுத்தான்; அவருடைய ஆட்கள் எங்கள் வாசலிலேயே அதைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். ஓடுகிற லாரியைக் கும்பகோணத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். அவருக்கும் பழைய வண்டி வைத்துக்கொள்கிற ஆசை. ஜோசப் அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு சாமானாகத் தொட்டுக் காட்டினான். சிவப்பு நட்டைப் பற்றி மூன்று தரம் சொன்னான். மூன்றாவது தரம் சொல்லும்போது அவருக்கே சலிப்பு வந்துவிட்டது. "புரிஞ்சுதுங்க, புரிஞ்சுதுங்க" என்றார்.

வண்டி எடுக்கிற அன்றைக்கு ஜோசப் அவரிடம் ஒன்று கேட்டான்.

"சிதம்பரம் வழியா போகாதீங்க. வடலூர் போயி, சேத்தியாத்தோப்பு வழியா போங்க."

"ஏங்க, சிதம்பரம்தானே நேர் ரோடு? அது சுத்தாச்சே?"

"சுத்துதான். ஆனா அப்படியே போங்க."

அந்த மனுசர் முகத்தில் சந்தேகம். வண்டியில் ஏதோ கோளாறு, அதைத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள் போல என்று நினைத்திருப்பார். ஜோசப் அவரை நம்பாமல் தானே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். வடலூர் வரை கூடவே போய், வண்டி சேத்தியாத்தோப்பு ரோட்டில் திரும்புகிறதா என்று நின்று பார்த்துவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பி வந்தான்.

ஜெயராணி சோறு போட்டாள். அவன் சாப்பிட்டான். அவள் ரசத்தை ஊற்றினாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"இப்பதான் வண்டி இல்லியே. நீ மட்டும் போயி வாயேன்" என்றேன்.

"சாப்புட விடும்மா" என்றான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துவிடுகிறான். நான் மாசம் ஒரு தரம் சிதம்பரம் போகிறேன். பொன்னி காபி கொடுக்கிறாள். காத்தவராயன் இடது கையால் வீல் பானா பிடிக்கப் பழகிவிட்டார்; அவர் ஜோசப்பைப் பற்றிக் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. திரும்பி வந்ததும் ஜோசப் கேட்கிறான், "எப்பிடி இருக்காரு?" என்று. ஒவ்வொரு தரமும் கேட்கிறான்.

"நீயே போயி கேளு" என்கிறேன். ஒவ்வொரு தரமும் அதைத்தான் சொல்கிறேன். அவன் கேட்பதை நிறுத்தினாலும் நான் சொல்வதை நிறுத்த மாட்டேன்.